கொதித்தாலும் போகாத இறால்

மலேசியாவில் பள்ளிக் கேன்டீனில் சமைப்பவர்கள் உணவு கையாளும் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறை அப்படிச் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் சுகாதாரம் என்றதும் நம் மனம் கிருமியிடம்தான் போகிறது. நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், சரி. உணவு ஒவ்வாமையில் சாவதற்கு உயிர் எதுவும் இல்லை. அங்கே வினை செய்வது ஒரு புரதம்.

இறாலில் அதன் பெயர் ட்ரோப்போமயோசின். சூடு பட்டதும் பல புரதங்கள் உருக்குலைந்துவிடும். இது கொதித்த பிறகும் தாக்குப்பிடிக்கும், குழம்புச் சாற்றிலும் இறங்கும். புளிக்கவைத்து வெயிலில் காய்ந்த இறால் விழுதான பெலாச்சானிலும் மிஞ்சியிருக்கும். பினாங்கில் பெலாச்சான் எதில்தான் இல்லை?

ஓய்வு நேரத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளை, “ஆன்ட்டி, இதுல இறால் இருக்கா?” என்று கேட்கிறாள். “இல்லம்மா, வெறும் மீதான்” என்கிறார் கேன்டீன் ஆன்ட்டி. அவர் பொய் சொல்லவில்லை. மீ என்ற நூடுல்ஸில் இறால் துண்டு இல்லை. ஆனால் காலையில் அரைத்த மிளகாய் விழுதில் பெலாச்சான் இருக்கிறது. பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பேன்: தட்டைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள், அம்மியிலும் பாட்டிலிலும் என்ன போனது என்று பார்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் “தெரியலம்மா, வேற சாப்பிடு” என்பதே பாதுகாப்பான பதில்.

அந்தப் பிள்ளையின் உடம்பு இறால் புரதத்தை முன்பே எதிரியாகக் குறித்து, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைத்திருக்கும். 1966இல் ஜப்பானிய ஆய்வாளர்களான இஷிசாகா தம்பதியர் அடையாளம் கண்டது இதைத்தான். தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் இது ஒட்டிக் காத்திருக்கும். புரதம் வந்து தொட்டதும் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டிவிடும். நிமிடங்களில் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, மூச்சிழுப்பு எல்லாம் வரலாம். நம் ஊர் ஈரத்தில் பெருகும் தூசிப்பூச்சியிலும் இதே வகைப் புரதம் உண்டு. அதனால் தூசி ஒவ்வாமை உள்ள சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்வதில்லை.

நிலக்கடலையும் இப்படித்தான். வறுத்தால் அதன் வீரியம் போய்விடாது. பசெம்போர் என்ற காய்கறிக் கலவையின் கடலைக் குழம்பு அள்ளிய கரண்டி, கடலைச் சம்பல் தொட்ட கை, இறால் வடை பொரித்த எண்ணெய் எல்லாமே புரதத்தைச் சுமந்து செல்லும். உளுந்து வடையை அதே எண்ணெயில் போட்டால் அதுவும் இறால் வடைதான். கையில் சானிட்டைசர் தடவினால் போதாது, அது கடலைப் புரதத்தை நீக்குவதில்லை. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மூச்சு திணறினாலோ பிள்ளை துவண்டாலோ முதல் மருந்து அட்ரினலின் ஊசி. வெளித்தொடையில், உடைக்கு மேலேயே குத்தலாம். ஒவ்வாமை மாத்திரை தடிப்பைக் குறைக்கும், சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஒருவர் ஊசி போட, இன்னொருவர் அவசர எண் 999ஐ அழைக்க வேண்டும். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம். ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள், திடீரென நின்றால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும். தேறிவிட்டது போல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், சில மணி நேரம் கழித்து அதே தாக்குதல் மறுபடி வருவதுண்டு.