644 சரி, பக்கம் மட்டும் வரவில்லை: லினக்ஸ் சர்வர் அனுமதி தருவது எப்படி?

காட்பாடியிலும் வேலூரிலும், நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் படிக்கிறவர்கள் பலரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது வந்து நிற்பார்கள். அப்பாச்சி வெப் சர்வரை நிறுவியாயிற்று. சர்வீஸ் ஓடுகிறது, ஃபயர்வாலும் திறந்திருக்கிறது. வீட்டு டைரக்டரியில் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை எம்வி கட்டளையால் வெப் சர்வரின் டைரக்டரிக்கு நகர்த்துகிறார்கள். பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினால் 403, ஃபர்பிடன், அதாவது அனுமதி இல்லை.

"அண்ணா, பர்மிஷன் 644 தான் இருக்குது. ரூட்டா இருந்து திறந்தா படிக்க முடியுது. பிரவுசர்ல மட்டும் வரமாட்டேங்குது" என்று குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார். ரூட் என்பது சிஸ்டத்தின் நிர்வாக யூசர். அவர் சொன்னதில் எதுவும் தப்பில்லை. இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷனில் பாதி தெளிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்த 644. லினக்ஸில் ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் எந்த ப்ராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலும், சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலிடம்தான் கேட்க வேண்டும். கேட்பவரின் பெயரைக் கர்னல் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. ரூட்டுக்கு 0. சாதாரண யூசர்களுக்கு ரெட் ஹேட் 7ஆம் பதிப்பிலிருந்து 1000 முதல் எண்கள் தொடங்குகின்றன. படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், க்ரூப், மற்றவர்கள் என்று மூன்று பிரிவுக்கும் தனித்தனியாகக் கூட்டினால் 644 வருகிறது: உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், மற்ற இரு பிரிவினரும் படிக்க மட்டும் செய்யலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. கர்னல் மூன்று பிரிவையும் சேர்த்துப் பார்க்காது. நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்களோ அதை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடும். ஒரு கோப்புக்கு 077 போட்டால் ஊரே படிக்கலாம், ரூட் அல்லாத உரிமையாளரால் மட்டும் முடியாது. போட்டுப் பாருங்கள், நன்றாக மனதில் பதியும்.

வெப் சர்வரின் வேலைக்கார ப்ராசஸ்கள் அப்பாச்சி என்ற யூசராக ஓடுகின்றன. நம் கோப்பைப் பொறுத்தவரை அவை 'மற்றவர்கள்'. 644-இன் கடைசி 4 அவற்றுக்குப் படிக்கும் அனுமதியைத் தருகிறது. ஆக, முதல் சோதனையில் தேறியாயிற்று. பிறகு யார் மறுத்தது?

வேலூர்க்காரர்களுக்கு மருத்துவமனை வார்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே படுத்திருக்கும் நோயாளி "வாப்பா" என்று கூப்பிட்டாலும், வாசலில் இருப்பவர் பாஸைப் பார்க்காமல் விடமாட்டார். அழைப்பது நோயாளியின் உரிமை. பாஸ் நிர்வாகத்தின் விதி. இரண்டும் இருந்தால்தான் உள்ளே போகலாம். 644 என்பது கோப்பின் உரிமையாளர் தரும் அழைப்பு. பாஸைப் பார்ப்பது, லினக்ஸுக்குள் இருக்கும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டு டிசம்பரில் எஸ்இலினக்ஸை வெளியிட்டது. 2005இல் வந்த ரெட் ஹேட் 4ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் உள்ள ப்ராசஸ் எந்த லேபிள் உள்ள கோப்பை என்ன செய்யலாம் என்று கொள்கைத் தொகுப்பில் எழுதப்பட்டிருக்கும். எழுதாத எதற்கும் அனுமதி கிடையாது. கேட்பவர் ரூட்டா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. ரூட்டாக ஓடும் சர்வீஸாக இருந்தாலும் அதன் லேபிள்தான் பேசும்.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு -Z (பெரிய எழுத்து) சேர்த்துத் தட்டினால் லேபிள் கண்ணுக்குத் தெரியும். நான்கு பகுதிகள் இருக்கும். நமக்கு மூன்றாவதுதான் முக்கியம். வெப் சர்வர் டைரக்டரியிலேயே உருவான கோப்புகளில் அது 'எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி'. அந்தத் தம்பி நகர்த்திய கோப்பில் மட்டும் 'யூசர்_ஹோம்_டி' என்று இருந்தது. வெப் சர்வர் ப்ராசஸின் லேபிள் 'எச்டிடிபிடி_டி'. யூசர்களின் வீட்டுக் கோப்புகளைப் படிக்க அதற்கு இயல்பில் அனுமதி இல்லை.

கோப்பு இடம் மாறியும் லேபிள் ஏன் மாறவில்லை? லேபிள் டைரக்டரியில் இல்லை. கோப்பின் ஐநோடோடு, அதாவது கோப்பைப் பற்றிய விவரங்களை ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கும் பதிவோடு, ஒட்டிய கூடுதல் பண்பாகச் சேமிக்கப்படுகிறது. ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் எம்வி செய்தால் கோப்பு நகர்வதே இல்லை. எந்த டைரக்டரியில் அதன் பெயர் எழுதியிருக்கிறது என்பது மட்டும் மாறுகிறது. ஐநோட் அதேதான், லேபிளும் அதேதான். சிபி கட்டளை போட்டு நகலெடுத்திருந்தால் புதிய கோப்பு பிறந்திருக்கும். அது போய்ச் சேரும் இடத்துக்கு உரிய லேபிளோடு பிறக்கும். பக்கமும் வந்திருக்கும்.

ரூட்டாக இருந்து படிக்க முடிந்ததற்கும் விடை இதிலேயே உண்டு. நாம் லாகின் செய்து கட்டளைகளைத் தட்டும் ஷெல்லின் லேபிள் 'அன்கன்ஃபைன்டு_டி'. அதைக் கொள்கை ஏறக்குறைய எதிலும் தடுப்பதில்லை. அதனால் நம் கையால் திறந்து பார்ப்பது வெப் சர்வரைப் பற்றிய சோதனை ஆகாது.

தீர்வு ஒரே கட்டளை: ரெஸ்டோர்கான். எந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்ற பட்டியலைப் பார்த்து அது கோப்பின் லேபிளைச் சரிசெய்துவிடும். பக்கம் உடனே வந்தது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யக்கூடத் தேவைப்படவில்லை.

இதற்கு இன்னொரு 'தீர்வு'ம் புழக்கத்தில் இருக்கிறது: எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்பது. இதை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். நம் ஊரில் மருத்துவமனைப் பதிவுகளும் மாணவர் மதிப்பெண்களும் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களின் கணக்குகளும் ஏதோ ஒரு சர்வரில்தான் இருக்கின்றன. வெப் பக்கத்தில் உள்ள ஓர் ஓட்டை வழியாக ஒருவர் புகுந்துவிட்டால், அவர் கைக்கு வருவது அப்பாச்சி யூசரின் அதிகாரம். 644 உள்ள எதையும் அந்த யூசர் படிக்கலாம். எஸ்இலினக்ஸ் இருந்தால், புகுந்தவரும் 'எச்டிடிபிடி_டி' லேபிளுக்குள்ளேயே அடைபட்டிருப்பார். அங்கிருந்து வெளி சர்வர்களுக்கு நெட்வொர்க் இணைப்பு எடுப்பதும் இயல்பில் தடைசெய்யப்பட்டிருக்கும். இவ்வளவையும் ஒரு 403-க்காகக் கழற்றிப் போடுவது நியாயமா?

மறுத்தது யார் என்று ஊகிக்க வேண்டியதும் இல்லை. கர்னல் முதலில் 644-ஐப் பார்க்கும். அதில் தேறினால்தான் எஸ்இலினக்ஸிடம் கேட்கும். எஸ்இலினக்ஸ் மறுத்தால் ஆடிட் லாக் என்ற பதிவுக் கோப்பில் 'டினைட்' (மறுக்கப்பட்டது) என்று ஒரு வரி விழும். எந்த ப்ராசஸ், எந்தக் கோப்பு, இரண்டின் லேபிளும் என்ன, படிக்கக் கேட்டதா எழுதக் கேட்டதா என்று எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கும். அப்படி வரி இல்லையென்றால் பெரும்பாலும் சிக்கல் முதல் சோதனையில்தான். பாதையில் உள்ள ஏதோ ஒரு டைரக்டரிக்கு இயக்கும் அனுமதி, அதாவது அந்த 1, இல்லாமல் இருக்கும். அது இல்லாமல் டைரக்டரியைக் கடந்து உள்ளே போக முடியாது.

லேபிளை மாற்ற சிஎச்கான் என்ற கட்டளையும் உண்டு. அவசரத்துக்கு ஆகும். ஆனால் பாதைப் பட்டியலில் எதையும் அது எழுதாது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் டைரக்டரிக்கு நேர் கீழே புதிதாக ஒரு டைரக்டரி உருவாக்கி, பக்கங்களை அங்கே வைத்து, சிஎச்கான் மட்டும் போட்டால் இன்று வேலை செய்யும். என்றைக்காவது லேபிள்களை எல்லாம் புதிதாக ஒட்டும் வேலை நடந்தால் பழைய 403 திரும்பிவிடும். செமானேஜ் கட்டளையால் பட்டியலில் எழுதிவிட்டு ரெஸ்டோர்கான் போடுவதே நிலைக்கும் வழி.

நிலைப்பது என்பது இந்தத் தொழிலில் பெரிய விஷயம். ரெட் ஹேட் நடத்தும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழுக்கான ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு முழுக்கச் செய்முறை. 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. செய்த மாற்றங்கள் ரீபூட்டுக்குப் பிறகும் இருந்தால்தான் மதிப்பெண். சர்வீஸை ஸ்டார்ட் செய்து, பூட் ஆகும்போது தானே தொடங்கும்படி எனேபிள் செய்யாமல் விட்டது, ஃபயர்வால் விதியை நிரந்தரமாக்காமல் போட்டது எல்லாம் ஒரு ரீபூட்டில் போய்விடும். வேலூர்க் கோடையில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் அலுவலகத்திலும் இதே தேர்வுதான்.

பழகிப் பார்க்க இன்னொரு நல்ல பாடம், மறந்துபோன ரூட் பாஸ்வேர்டை மாற்றுவது. பூட் ஆகும்போது கர்னல் வரியின் கடைசியில் ஆர்டி.பிரேக் என்று சேர்த்து, டிஸ்க்கை எழுதும் நிலைக்குக் கொண்டுவந்து, பாஸ்வேர்டை மாற்றுகிறோம். அந்த நேரத்தில் எஸ்இலினக்ஸ் கொள்கை இன்னும் ஏற்றப்படவில்லை. ஆகவே புதிதாக எழுதப்படும் ஷேடோ கோப்பு (பாஸ்வேர்டுகள் இருக்கும் கோப்பு) உரிய லேபிள் இல்லாமல் பிறக்கிறது. அப்படியே பூட் செய்தால் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் லாகின் ஆகாது. அதற்காகத்தான் ரூட் டைரக்டரியில் ஆட்டோரீலேபிள் என்ற வெற்றுக் கோப்பை, பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து உருவாக்கச் சொல்கிறார்கள். அதைக் கண்டதும் சிஸ்டம் எல்லாக் கோப்புகளுக்கும் லேபிளைத் திரும்ப ஒட்டி, தானே இன்னொருமுறை ரீபூட் ஆகும். கோப்புகள் நிறைய இருந்தால் நேரம் பிடிக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து பவரை அணைத்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் சர்வர் வாங்க வேண்டாம். சாதாரண லேப்டாப்பில் ஒரு வர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளாலான ஒரு கணினி, போதும். ரெட் ஹேட்டின் டெவலப்பர் சந்தாவில் தனிநபருக்கு 16 சிஸ்டம் வரை இலவசம். ரெட் ஹேட்டை ஒத்த இலவச லினக்ஸ்களான ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸிலும் இதே கட்டளைகள்தான். தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை எம்வி, இன்னொன்றை சிபி செய்து, இரண்டின் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.