கார்பே தியெம்: கைப்பற்றுவதா, கொய்வதா?

'கார்பே தியெம்' என்ற இலத்தீன் தொடரைத் தமிழில் பலரும் 'நாளைக் கைப்பற்று' என்று எழுதுகிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கைப்பற்றுவது கோட்டையை. 'கார்பே' தோட்டத்துச் சொல். பழம் பறிப்பது, பூக்கொய்வது, ஆடு புல் மேய்வது எல்லாவற்றுக்கும் ரோமானியர் வழங்கிய வினை அது. பழத்தைக் குறிக்கும் 'கார்போஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் அதற்கு உறவு. 'சீஸ் தி டே' (Seize the day) என்ற ஆங்கிலத்தின் வழியாக வந்ததால்தான் நம்மிடம் அது போர்க்களச் சொல்லாகிவிட்டது.

தொடருக்குச் சொந்தக்காரர் ரோமக் கவிஞர் ஹொரேஸ் (கி.மு. 65–8). கி.மு. 23 வாக்கில் வெளிவந்த அவருடைய பாடல்களில், முதல் நூலின் 11ஆம் பாட்டில் இது வருகிறது. எட்டே அடிகள். குளிர்காலக் கடல் பாறைகளில் மோதி ஓய்கிறது. லியூக்கோனோயே என்ற பெண்ணுக்குத் தன் ஆயுளை அறியும் ஆவல். பாபிலோனியச் சோதிடக் கணக்கை நாடுகிறாள். 'எனக்கு என்ன முடிவு, உனக்கு என்ன முடிவு என்று கேட்காதே' என்கிறார் கவிஞர். காதல் என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. ஆனால் விதியைப் பேசும்போதும் 'எனக்கு, உனக்கு' என்று இருவரையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடுகிறாரே, எனக்கு அதுவே காதல். மதுவை வடிகட்டு, நீண்ட ஆசையை நறுக்கு, நாம் பேசும்போதே காலம் ஓடியிருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் 'கார்பே தியெம்' என்கிறார். நாளையை இயன்றவரை நம்பாதே என்று பாட்டு முடிகிறது.

இங்கேதான் தமிழில் இன்னொரு சிக்கல். 'தியெம்' என்பது நாள் என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமை. தமிழில் அது 'நாளை' என்றாகும். மறுநாளுக்கும் அதுவே பெயர். கவிஞர் நம்பாதே என்றதையே கைப்பற்றச் சொல்வதாகிவிடுகிறது!

'பறி' என்று எழுதலாம். ஆனால் அதில் வழிப்பறியின் சாயல் உண்டு. 'கொய்' என்பதில் அது இல்லை. விடியற்காலை மல்லிகைச் செடியருகே நின்றால் தெரியும்: விரியாத மொட்டைக் காம்போடு நகத்தால் கிள்ளுகிறோம், செடி அசைவதுகூட இல்லை. அன்று கொய்யாமல் விட்ட மொட்டு இரவில் மலர்ந்து மறுநாள் வாடிவிடும். தினைக்கதிருக்கும் நம் முன்னோர் வழங்கிய சொல் இதுதான்.

ஆகவே, 'இன்றைக் கொய்'. 'கொய்யுங்கள்' என்று மாற்ற வேண்டாம். 'கார்பே' ஒருமை ஏவல், ஒருத்தியைப் பார்த்துச் சொன்னது.