எண்ணெய் ஏற ஏற வண்டி ஏறும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட்ட எஸ்யூவியை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. இங்கே இருக்கிற பெரிய மேடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைக்குள் போட்டிருக்கும் வேகத்தடைதான், அதைத் தாண்ட சாதாரண காரே போதும். ஆனாலும் பழைய லேண்ட் குரூசர் 100, லெக்சஸ் எல்எக்ஸ்470 மாதிரி வண்டிகளில் இருக்கும் அந்த உயரப் பட்டனைத் தட்டி, இரண்டரை டன் இரும்பு மெதுவாக எழுந்து நிற்பதைப் பார்த்தால் எப்படி என்று கேட்கத் தோன்றும். கேட்டால் பாதிப் பேர் "உள்ளே காற்று அடிக்குது" என்பார்கள். அது ரேஞ்ச் ரோவர் 1992இல் கொண்டுவந்த வழி, ரப்பர்ப் பைக்குள் காற்றை அடைப்பது. நான் சொல்லவருவது எண்ணெயால் தூக்கும் வழி.

எண்ணெயை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு சிலிண்டர், அதற்குள் பிஸ்டன், சிலிண்டருக்குள் எண்ணெயைத் தள்ளினால் பிஸ்டன் நகரும், வண்டியின் உடல் மேலே போகும். பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ, பிஸ்டனின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றால், அந்த எடையைத் தாங்க எண்ணெய்க்குத் தேவையான அழுத்தம் சுமார் 60 பார். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சரி, 5 சென்டிமீட்டர் உயர்த்த எவ்வளவு எண்ணெய் வேண்டும்? சக்கரத்துக்கு 50 மில்லி, நான்குக்கும் சேர்த்து 200 மில்லி. ஒரு கப் தே தாரிக் அளவு எண்ணெயை இடம் மாற்றினால் முழு வண்டியும் எழும்பிவிடுகிறது! வேலை என்று பார்த்தாலும் சுமார் 1,200 ஜூல்தான், 20 விநாடி எடுத்துக்கொண்டால் சராசரி 60 வாட். உராய்விலும் பம்பிலும் போகும் இழப்பைச் சேர்த்தாலும் ஒரு சின்ன மின் பம்ப் சமாளிக்கும்.

ஆனால் எண்ணெய் மட்டும் இருந்தால் வண்டி கட்டைபோல் ஆகிவிடும், ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். அதனால் சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் ஒரு உருண்டைக்குப் போகிறது, உருண்டைக்குள் ரப்பர்ச் சவ்வு, சவ்வுக்கு ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் அடைத்துவைத்த நைட்ரஜன். சக்கரம் மேட்டில் ஏறினால் எண்ணெய் உருண்டைக்குள் புகுந்து வாயுவை அமுக்குகிறது, இறங்கினால் வாயு அதைத் திருப்பித் தள்ளுகிறது. ஸ்பிரிங் வேலையைச் செய்வது வாயு, உயரத்தை வைத்திருப்பது எண்ணெய். இந்த இரண்டு வேலைகளும் தனித்தனி ஆட்களிடம் இருப்பதுதான் இந்த அமைப்பின் சூட்சுமம்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். உயர்த்துவதற்காக எண்ணெயைத் தள்ளும்போது அது சிலிண்டரை விட்டுவிட்டு, சுலபமாகச் சுருங்கும் வாயுவை அல்லவா போய் அமுக்க வேண்டும்? அமுக்காது, காரணம் வண்டியின் எடை மாறவில்லை. முழு எடையையும் எண்ணெயே தாங்கும் வண்டியில் எடை மாறாதவரை அழுத்தமும் மாறாது, அழுத்தம் மாறாமல் வாயு சுருங்காது, ஆகவே புதிதாக வரும் எண்ணெய்க்கு இருக்கும் ஒரே வழி பிஸ்டனை நகர்த்துவது. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் கதை வேறு: எடை கூடும், வாயு சுருங்கும், பின்பக்கம் தாழும், சஸ்பென்ஷன் கையோடு இணைந்த உயர சென்சார் அதைப் பார்த்துக் கொஞ்சம் எண்ணெய் அனுப்பச் சொல்லும், வண்டி பழைய மட்டத்துக்கு வரும். ஜொகூருக்குப் போய் டுரியான், மூட்டை, மாமியார் குடும்பம் எல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஹெட்லைட் வானத்தைப் பார்க்காமல் இருப்பது இதனால்தான். சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பம்ப் ஓடாதபடி சென்சார் சொல்வதைக் கொஞ்ச நேரம் சராசரி பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இதை ஜப்பான்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரான்ஸின் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் மாஜெஸ் என்பவர் உருவாக்கி, 1954இல் ஒரு காரின் பின்பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்த்து, 1955இல் டிஎஸ் காரில் நான்கு சக்கரத்துக்கும் போட்டார்கள். அந்த கார் முழுக்க எண்ணெயையும் வாயுவையும் நம்பி நின்றதால், நிறுத்திவிட்டுப் போனால் நேரம் ஆக ஆகத் தரையோடு படுத்துவிடும். 1998இல் வந்த லேண்ட் குரூசர் 100 அப்படி இல்லை, எடையில் ஒரு பங்கை இரும்பு ஸ்பிரிங்குகளே தாங்குகின்றன, மிச்சத்தைத்தான் எண்ணெய் தாங்குகிறது. எனக்கு இந்தக் கலவைதான் பிடிக்கும், எண்ணெய் ஒழுகிப்போனாலும் வண்டி தரையில் உட்காராது. ஒரு பக்கவிளைவும் உண்டு. மேலே எழும்பும்போது ஸ்பிரிங் நீண்டு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும், அந்தச் சுமையும் எண்ணெய்க்கு வரும், அழுத்தம் கூடும், அதனால் உயர்ந்த நிலையில் வண்டி கொஞ்சம் விறைப்பாகப் போகும்.

உயர்த்தினால் எல்லாமே உயரும் என்று நினைக்க வேண்டாம். இதே லேண்ட் குரூசரின் பின்பக்கம் ஒற்றை அச்சு, நடுவில் டிஃபரன்ஷியல் பந்து (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் கியர்களின் உறை) தொங்கும். பட்டன் உயர்த்துவது அந்த அச்சுக்கு மேலே இருக்கிற உடலைத்தான், அச்சு டயரோடு அங்கேயே நிற்கும், பந்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றம் இருக்காது. பெரிய டயர் போட்டால்தான் அது உயரும். நடு வயிறு தட்டாமல் மேடு தாண்டவும், சரிவில் ஏறும்போது பம்பர் முட்டாமல் இருக்கவும்தான் இந்த உயர்த்தல் உதவும். விலையும் இருக்கிறது: சக்கரங்களுக்கு இடையே அகலம் 1.6 மீட்டர், ஈர்ப்பு மையம் 75 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால் பாதி அகலத்தை உயரத்தால் வகுத்து 1.07 வரும், 5 சென்டிமீட்டர் ஏற்றினால் அது 1.0. எண் குறையக் குறைய வளைவில் கவிழ்வது சுலபம். அதனால்தான் வேகம் கூடியதும் வண்டி தானே இறங்கிக்கொள்கிறது.

திடீர் வெள்ளத்துக்கு உதவுமா என்றால், 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் நின்ற மாதிரித் தண்ணீருக்கு 5 சென்டிமீட்டர் எம்மாத்திரம்? அந்த நேரத்தில் பட்டனைத் தேடாமல் வேறு ரோட்டைத் தேடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரில் உண்மையாகப் பயன்படுவது இறக்கும் பட்டன்தான், முட்டி வலிக்கும் பாட்டி ஏறி இறங்க.

பழைய வண்டி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது உருண்டைகளை. வருஷக்கணக்கில் நைட்ரஜன் சவ்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வாயு குறைந்தாலும் பட்டனைத் தட்டினால் வண்டி மேலே எழும்பும், ஆனால் ஓட்டும்போது தூக்கித் தூக்கிப் போடும். சோதிக்க எளிய வழி ஒன்று: எண்ணெய்த் தொட்டியில் தாழ்ந்த நிலையில் மட்டம் எங்கே நிற்கிறது, உயர்ந்த நிலையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங்கும் எண்ணெயும் கலந்த இந்த வண்டிகளில் உயரும்போது அழுத்தம் கூடுவதால், நல்ல உருண்டை என்றால் அதற்குள்ளும் எண்ணெய் போகும், வித்தியாசம் நன்றாகத் தெரியும். வாயு போன உருண்டையில் எண்ணெய்க்கு இடம் குறைவு, வித்தியாசமும் சுருங்கிவிடும். பத்து வருஷ சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) முடிந்து புதுப்பிக்கலாமா என்று யோசிக்கும்போது இந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், டயர் மாற்ற ஜாக்கி போடும் முன் உயரக் கட்டுப்பாட்டை ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் சக்கரம் தொங்குவதைப் பார்க்கும் சென்சார் வண்டி மிக உயரமாக இருக்கிறது என்று நினைத்து எண்ணெயைத் திறந்துவிடலாம், நீங்கள் பக்கத்தில் குனிந்திருக்கும் நேரத்தில்.