பிளீச் குடித்தவரின் ரத்தத்தில் பிளீச்சைப் பார்க்க முடியுமா?

கேசுவால்டியிலிருந்து ரத்த சாம்பிள் வரும், கூடவே போனும் வரும்: "பாத்ரூம் கழுவுற பிளீச்சைக் குடிச்சிருக்காங்க, எவ்வளவு போயிருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" முடியாது. சோடியம் எவ்வளவு, ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்றெல்லாம் லேபிலிருந்து சொல்லிவிடுவோம். ஆனால் பிளீச்சில் இருக்கும் ஹைப்போகுளோரைட் உடம்புக்குள் போனதும் கண்ணில் படும் புரதங்களோடெல்லாம் வினைபுரிந்து தீர்ந்துவிடும், தேடுவதற்கு அது அங்கே இருக்காது.

இதற்குத்தான் நானோ சென்சார் வருகிறதே என்பார்கள். வரட்டும், எனக்கும் ஆசைதான். சில நானோமீட்டர் அளவே உள்ள கார்பன் துகள்கள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும், ஹைப்போகுளோரைட் பட்டால் மங்கும், எவ்வளவு மங்கியது என்பதை வைத்து அளவைக் கணக்கிடலாம். குழாய்த் தண்ணீரில் இது சரியாக வரும். உடம்பில்தான் சிக்கல். நம்முடைய வெள்ளணுக்களே கிருமியைக் கொல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடையும் உடம்பில் உள்ள குளோரைடையும் வைத்து, மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் உதவியோடு இதே ஹைப்போகுளோரைட்டின் அமில வடிவமான ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிக்கின்றன. அப்புறம் சென்சார் மங்கினால் அது குடித்த பிளீச்சா, உள்ளே இருக்கும் அழற்சியா? அதனால்தான் இந்த ஆய்வுகளில் நிறைய, விஷத்தை விட்டுவிட்டு அழற்சியைக் கண்டுபிடிக்கும் பக்கம் போகின்றன.

ஆகவே இன்றைக்கு டாக்டருக்கு உதவுவது நீங்கள் கொண்டுவரும் பாட்டில்தான். லேபிளோடு, மிச்சம் இருப்பதோடு அப்படியே எடுத்து வாருங்கள். தெருவில் லூஸில் விற்கும் ஃபீனைலையும் ஆசிடையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். குழந்தை அதை ஜூஸ் என்றுதான் எடுக்கும், எங்களுக்கும் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் போகும்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது புண்ணாக்கிய உணவுக்குழாயை பிளீச் ஏறும்போதும் புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, பிளீச்சையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரிந்து இருமல் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். இருமல் அடங்கிவிட்டது என்று படுத்துவிட வேண்டாம், நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம், மூச்சு வாங்கினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.