கால்வானிக் கொரோஷன்: தமிழில் ஈருலோக அரிமானம்

நட்டு அத்தனையும் கழற்றியாயிற்று, ஆனால் அலுமினியக் கலவையில் செய்த அலாய் வீல் அசைய மாட்டேன் என்கிறது. வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் டயரின் உள்பக்கம் மாற்றி மாற்றித் தட்டிய பிறகே 'டொக்' என்று விடுபடுகிறது. கழன்ற சக்கரத்தின் நடுத்துளையைப் பார்த்தால் விளிம்பெல்லாம் வெள்ளையாக மாவு. விரலில் சுண்ணாம்பு போல ஒட்டும். அது உட்கார்ந்திருந்த இரும்பு ஹப்பில் செம்பழுப்பாகத் துரு.

"துருப்பிடிச்சு ஜாம் ஆயிடுச்சு" என்பார் மெக்கானிக். பாதிதான் சரி. துரு இரும்புக்கு உரிய சொல். செம்பில் பச்சையாகப் படிவதற்குக் களிம்பு என்று தனிப்பெயர் உண்டு. உயிரில் ஒட்டியிருக்கும் ஆணவம் என்ற அழுக்குக்குச் செம்பின் களிம்பைத்தான் சைவ சித்தாந்தம் உவமை சொல்கிறது. அலுமினியமோ 19ஆம் நூற்றாண்டில் பிரித்தெடுக்கப்பட்ட உலோகம். அதன் வெள்ளை மாவுக்குப் பழைய பெயர் எதுவும் இல்லை. 'பூத்துப்போச்சு' என்று சொல்லிச் சமாளிக்கிறோம். அந்த மாவு அலுமினிய ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் கலந்தது. தின்னப்பட்ட உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். சக்கரத்தை ஹப்போடு ஆப்பு வைத்தது போல இறுக்குவது அதுதான்.

இதற்குப் பொறியியலில் 'கால்வானிக் கொரோஷன்' என்று பெயர். கொரோஷன் லத்தீனிலிருந்து வந்தது. கடித்துத் தின்பது என்று பொருள். எலி இனத்தைக் குறிக்கும் 'ரோடென்ட்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். தமிழுக்கு இது புதிய கற்பனை அல்ல. கரையான் மரத்தை அரிக்கிறது, வெள்ளம் கரையை அரிக்கிறது. ஆனால் வெறும் 'அரிப்பு' என்றால் கை தானாகச் சொறியப் போகும். அதனால்தானோ என்னவோ பாடநூல்கள் 'அரிமானம்' என்கின்றன. தேய்மானம், கட்டுமானம் என்று பழகிய காதுக்கு அது உறுத்தவில்லை.

'கால்வானிக்' ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. இத்தாலியின் பொலோனா நகரில் இருந்த லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் காலை இரண்டு வேறு உலோகங்கள் ஒருசேரத் தொட்டால் கால் துடிப்பதைக் கண்டு 1791இல் எழுதினார். மின்சாரம் தவளையின் உடம்பில் இருக்கிறது என்பது அவர் முடிவு. இல்லை, இரண்டு உலோகங்களும் நடுவில் ஈரமும் இருந்தால் போதும் என்றார் இன்னொரு இத்தாலிய விஞ்ஞானி வோல்டா. துத்தநாகத் தகடுகளையும் செம்பு அல்லது வெள்ளித் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டையோடு அடுக்கி 1800இல் மின்கலமே செய்து காட்டினார். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையில் நடப்பது அந்த அடுக்கின் வேலைதான். நியாயப்படி 'வோல்டாயிக் கொரோஷன்' என்றிருக்க வேண்டும். பெயர் கால்வானியோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டில் எது அரிபடும்? எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பது. மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு என்பது கடல்நீரில் ஏறக்குறைய அமையும் வரிசை. துருப்பிடிக்காத ஸ்டீல் பெரும்பாலும் செம்புப் பக்கமே நிற்கும். முன்னால் நிற்பது கொடுக்கும், பின்னால் நிற்பது வாங்கும். இரண்டும் இந்த வரிசையில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. கொடுக்கும் உலோகத்தை ஆனோடு என்பார்கள். தமிழில் இதற்கு 'நேர்மின்வாய்' என்று ஒரு பெயர் உண்டு. இங்கே அது காலை வாரிவிடும். வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும் மின்னாற்பகுப்பில் ஆனோடு நேர்முனை, சரி; தானே மின்சாரம் உண்டாக்கும் கலத்திலோ ஆனோடுதான் எதிர்முனை. ஆகவே கொடுக்கும் உலோகம், வாங்கும் உலோகம் என்று சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் மொத்தப் பெயர். 'கால்வானிய அரிமானம்' என்பதில் தவறில்லை, ஆனால் பெயரைக் கேட்டால் எதுவும் புரியாது. 'மின்வேதி அரிமானம்' மிக அகலமானது. தனி இரும்பு துருப்பிடிப்பதும் மின்வேதி வினைதான். உலோகத்துக்கு 'மாழை' என்ற பழஞ்சொல் உண்டு, ஆனால் 'இருமாழை அரிமானம்' என்றால் அதற்கே ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். என் ஓட்டு 'ஈருலோக அரிமானம்' என்பதற்கு. (உயிரெழுத்துக்கு முன் 'இரு' ஈர் ஆகும், ஈருருளி போல.) எங்கே தேட வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது: இரண்டு உலோகம் சேரும் இடத்தில்.

தடுக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது: இரண்டையும் பிரித்து வை. அலுமினியப் பலகையை இரும்புச் சட்டத்தில் பூட்டும்போது நடுவே ரப்பர் பட்டை, போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷர், தண்டைச் சுற்றி நைலான் குழல். குழலை விட்டுவிட்டு வாஷர் மட்டும் போட்டால் துளைக்குள் தொடர்பு அப்படியே இருக்கும். பெயின்ட் விஷயத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். அரிபடுவது அலுமினியம்தானே என்று அதற்கு மட்டும் அடிப்பது தப்பு. பெயின்டில் சின்னக் கீறல் விழுந்தால் முழு அரிமானமும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து துளை போட்டுவிடும். இரண்டுக்கும் அடிக்க வேண்டும். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் வாங்கும் உலோகத்துக்கு. இதே கணக்கில், பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் சீக்கிரம் போய்விடும். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன இரும்பு போல்ட் பல காலம் தாங்கும்.

சக்கரத்துக்கு வாஷர் போட வழியில்லை. ஹப்பை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, சக்கரத்தின் நடுத்துளை உட்காரும் உதட்டில் மட்டும் மெல்லிசாக ஆன்டி-சீஸ் (இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) பூசினால் போதும். நட்டு ஏறும் ஸ்டட்டிலோ நட்டு உட்காரும் இடத்திலோ படக் கூடாது, நட்டின் இறுக்கக் கணக்கே மாறிவிடும்.

வண்டியின் பாடியில் எர்த் ஒயர் பூட்டும் இடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒயர் முனையில் இருக்கும் செம்பு வளையம், அதாவது லக், பாடியின் உலோகத்தைத் தொட்டே ஆக வேண்டும். பிரித்தால் விளக்கு எரியாது, செல்ஃப் எடுக்காது. அதனால் வெள்ளீயம் பூசிய லக்காகப் பார்த்து வாங்கி, பெயின்டைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே கிரீஸ் அப்பிவிடுகிறோம். இரண்டு உலோகமும் தொட்டபடியே இருக்கும், ஈரம் மட்டும் உள்ளே வராது.