சொல் விளக்கம்: ட்ரிம்

ட்ரிம் என்றதும் நம் காதில் விழுவது கத்தரிக்கோல் ஓசைதான்: தாடியை ட்ரிம் செய்வது, செடியை ட்ரிம் செய்வது. படகில் அந்தப் பொருள் பொருந்தாது. பழைய ஆங்கிலத்தில் ‘ட்ரும்’ என்றால் உறுதியான என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘ட்ரிம்மன்’ என்ற வினைக்கு உறுதியாக்கு, ஒழுங்குபட நிறுத்து என்று பொருள். கப்பலில் சரக்கைப் பகிர்ந்து வைப்பதும் பாயைக் காற்றுக்கேற்பத் திருப்புவதும் ட்ரிம் ஆயின. வெட்டிச் சீராக்குவது பின்னர் கிளைத்த பொருள். கப்பலின் முன்முனையும் பின்முனையும் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழங்களின் வேறுபாட்டுக்கு இன்றும் இதே பெயர்தான்.

ஸ்டெர்ன்டிரைவ் படகில் என்ஜின் உள்ளேயும், புரொப்பெல்லர் தாங்கும் டிரைவ் பின்பலகைக்கு வெளியேயும் இருக்கும். 1959இல் வால்வோ பென்டாவின் அக்வாமேட்டிக் இந்த அமைப்பைப் பரவலாக்கியது. டிரைவைப் படகை நோக்கி உள்ளே இழுத்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, தாழும். கிளம்பும்போது இதுவே தேவை. வெளியே தள்ளினால் அணியம் எழும், நனையும் பரப்பு குறையும், வேகம் கூடும். அளவு மீறினால் அணியம் குதிக்கும். புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை இழுத்து வெறுமனே சுழலும்.

தமிழில் வெறும் ‘சாய்வு’ என்றால் போதாது, பக்கவாட்டில் சரிவதும் சாய்வுதானே. நிலையைக் குறிக்க நெடுக்குச் சாய்வு, கருவியைக் குறிக்கச் சாய்வமைப்பு என்பது எங்கள் பரிந்துரை. நீரிலிருந்து முழுதாக மேலே எடுக்கும் டில்ட்டைத் தூக்கல் எனலாம். ஹைட்ராலிக் என்பதற்குப் பாடநூல்கள் ‘நீரியல்’ என்கின்றன. கிரேக்க மூலமும் நீர், குழாய் என்ற இரு சொற்களின் கூட்டுதான். ஆனால் இந்த அமைப்புக்குள் ஓடுவது எண்ணெய். நீர் புகுந்தால் அதுவே கோளாறு. ஆகவே நீர்ம அழுத்தம் என்பது பொருந்தும். பணிமனையில் எப்படியும் பவர் ட்ரிம் என்றுதான் சொல்வார்கள், அதில் தவறில்லை.

சாய்வையும் தூக்கலையும் பிரித்துச் சொல்வது கோளாறு தேடும்போது பெரிதும் உதவும். இரண்டையும் செய்வது ஒரே பம்பும் ஒரே இணை சிலிண்டர்களும்தான். மின்சுற்று மட்டும் வேறு. மெர்க்ரூசர் என்ற ஸ்டெர்ன்டிரைவ் வகையில் ‘அப்’ பொத்தானின் மின்சாரம் எல்லைச் சுவிட்ச் வழியே போகிறது; டிரைவ் குறித்த உயரத்தை எட்டியதும் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். படகை டிரெய்லரில் ஏற்றும்போது டிரைவை முழுதாகத் தூக்கும் டிரெய்லர் பொத்தான் அந்தச் சுவிட்சைத் தவிர்த்துவிடுகிறது. ‘அப்’ வேலை செய்யாமல் டிரெய்லர் பொத்தானில் மட்டும் டிரைவ் எழுந்தால், பம்பைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் எல்லைச் சுவிட்சோ அதன் ஒயரோ போயிருக்கும். டிரைவ் முழுக்க உள்ளே இருக்கும்போது அதன் இரு ஒயர்களுக்கிடையே மின்தொடர்ச்சி இருக்க வேண்டும். அவற்றை இணைத்துவிட்டு அப்படியே ஓட்டுவது ஆபத்து: பக்கத் தாங்கல் இல்லாத உயரத்துக்கு டிரைவ் ஏறி, உந்துவிசையில் உடையும்.

எந்தப் பொத்தானுக்கும் அசைவில்லை என்றால் ஒலியைக் கேளுங்கள். ‘டிக்’ கூட இல்லையா? ஃபியூஸ், பொத்தான், எர்த் ஒயர் என்ற வரிசையில் பாருங்கள். மெர்க்ரூசர் பம்பில் 110 ஆம்பியர், 20 ஆம்பியர் என இரண்டு ஃபியூஸ் உண்டு. பெரியதைப் பலர் கவனிப்பதே இல்லை. ‘டிக்’ கேட்டும் மோட்டார் சுற்றாவிட்டால், பொத்தானை அழுத்தியபடி சொலினாய்டின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) இரு பெரிய முனைகளிலும் வோல்ட் அளக்கவும். உள்ளே 12 வந்து வெளியே வராவிட்டால் சொலினாய்டின் தொடுமுனைகள் கருகியிருக்கும். இரண்டிலும் 12 இருந்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் எர்த்தும் சந்தேகத்துக்குரியவை. அழுத்தும்போது உள்ளே வருவதே 10க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் கேபிளையும் பாருங்கள்.

மோட்டார் சுற்றியும் டிரைவ் எழாவிட்டால் முதலில் எண்ணெய் மட்டம். டிரைவ் முழுக்கக் கீழே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். பிஸ்டன் தண்டுகள் சிலிண்டருக்குள் புகும்போது தம் பருமனளவு எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும்; மேலே வைத்து நிரப்பினால், இறக்கும்போது வழியும். மெர்க்ரூசரில் அதற்குரிய எண்ணெய் இல்லாவிட்டால் எஸ்ஏஇ 10டபிள்யூ-30 என்ஜின் ஆயில் ஊற்றலாம். மற்ற வகைகளுக்குக் கையேடு சொல்வதையே ஊற்றுங்கள், கலக்காதீர்கள். நிரப்பியபின் 6 முதல் 10 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும். இடையிடையே மட்டம் பார்க்கவும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் குழிவிழுந்த தண்டு, கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தைத் தின்றிருக்கும். தண்டை மாற்றாமல் சீல் வளையத்தை மட்டும் மாற்றினால் அதே கோளாறு திரும்பும்.

தூக்கி நிறுத்திய டிரைவ் இரவோடிரவாக இறங்குவது இன்னொரு வகை. வெளிக்கசிவு தெரியாவிட்டால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிகிறது: பம்பின் தடுப்பு வால்விலோ சிலிண்டரின் பிஸ்டனிலோ. டிரைவுக்கு உறுதியான முட்டுக் கொடுத்துவிட்டு, பம்பிலிருந்து ஏற்றும் ஹோஸைக் கழற்றி ஹோஸ் முனையை மூடியால் அடையுங்கள். பிறகு முட்டுக்கட்டையை அகற்றி, அடியில் நிற்காமல் கவனியுங்கள். இறங்கினால் சிலிண்டர், நின்றால் பம்ப். பிஸ்டனில் மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும் சிறு குண்டு வால்வுகள் உண்டு. அவற்றில் துகள் சிக்கினாலும் இதே நிலைதான்.

ரிவர்ஸில் டிரைவ் மேலெழும்பினால் இறக்கும் பக்கத்தைச் சோதியுங்கள். பின்னோக்கிய உந்துவிசை டிரைவைத் தூக்கப் பார்க்கும், அதைப் பிடித்துவைப்பது அந்தப் பக்கத்து எண்ணெய். காற்று இருந்தால் அமுங்கிக்கொடுக்கும்.

டிரைவ் ஒழுங்காக ஏறி இறங்கியும் சாய்வு காட்டும் மானியின் முள் மட்டும் பொய் சொன்னால், அது பெரும்பாலும் சென்டரின் (மானிக்கு அளவை அனுப்பும் உணரி) கோளாறு. சென்டர் டிரைவின் கோணத்தை மட்டுமே அளக்கிறது. எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.