மூக்கில் வைக்கும் பேக்: எது யாருக்கு?

"டாக்டர், துணி வைக்கப் போறீங்களா, பலூனா? எது நல்லது?" கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு வரும் உறவினர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சில்லுமூக்கு உடைந்து வருபவர்களில் பெரும்பாலானோருக்கு எந்தப் பேக்கும், அதாவது ரத்தத்தை நிறுத்த மூக்குக்குள் வைத்து அடைக்கும் பொருளும், தேவைப்படாது.

பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் வருவது மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில் இருந்து. அங்கே பல ரத்தக்குழாய்கள் மெல்லிய சவ்வுக்கு அடியில் வந்து கூடுகின்றன. விரல் விட்டு நோண்டினாலே உடையும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை லேசாக முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நடுவில் கையை எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்குக் காரியம் கெடுகிறது. தலையைப் பின்னால் சாய்த்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நின்றுவிட்டது என்று நினைத்திருக்கும்போது ரத்த வாந்தி எடுப்பார், வீடே பதறும்.

அப்படியும் நிற்காவிட்டால் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து; கசியும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் சில்வர் நைட்ரேட்டால் சுடுவது. இவற்றுக்கும் அடங்காதபோதுதான் பேக்.

இதில் பழைய ஆள் ரிப்பன் காஸ். களிம்பு தடவிய நீளமான துணியை மடிப்பு மடிப்பாக உள்ளே அடுக்குவோம். விலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வைப்பவருக்குக் கை பழகியிருக்க வேண்டும், நோயாளிக்கு வலியும் உண்டு.

மேரோசெல் என்பது அழுத்தி உலர்த்திய ஸ்பாஞ்ச். உள்ளே தள்ளியதும் ஈரம் பட்டு உப்பி, மூக்கை அடைத்துக்கொள்ளும். வைப்பது சில நொடி வேலை, எடுப்பதுதான் பாடு. காய்ந்து சவ்வோடு ஒட்டியிருக்கும். சலைன் விட்டு நன்றாக ஊறவைத்து, பொறுமையாக உருவ வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் நின்ற ரத்தம் மறுபடி தொடங்கும்.

ரேப்பிட் ரைனோ போன்ற பலூன்களின் மேலுறை தண்ணீரில் நனைத்ததும் வழவழப்பாகிவிடும். நுழைத்த பிறகு காற்றடிப்போம். மேரோசெல்லையும் இதையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ரத்தத்தை நிறுத்துவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வைக்கும்போதும் எடுக்கும்போதும் வலி குறைவு என்பதே பலூனின் பலம். கூடுதல் விலை பெரும்பாலும் அந்த வலிக்காகத்தான். முடிந்தவர்கள் கொடுக்கலாம். முடியாதவர்கள் மட்டமான சிகிச்சை கிடைத்ததாக வருந்த வேண்டாம்.

உண்மையிலேயே தேர்வு முக்கியமாகும் இடம் வேறு. எக்கோஸ்பிரின், குளோபிடோக்ரெல், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் எடுப்பவர்கள், ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்கள், ஹீமோஃபீலியா எனும் ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பேக்கை உருவும்போது ஏற்படும் உரசலே புதிய ரத்தக்கசிவுக்குக் காரணமாகலாம். அதனால் சர்ஜிசெல், ஜெல்ஃபோம் போன்ற தானே கரையும் பொருட்களை வைப்பது நல்லது. 2020இல் வெளியான அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஒன்று, ரத்தம் வருகிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட், செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு அது மூக்கு ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து.

வயதானவர்களில் சிலருக்கு மூக்கின் பின்பகுதியில் இருந்து ரத்தம் கொட்டும்; முன்னால் வைக்கும் பேக் அங்கே எட்டாது. அப்போது ஃபோலி குழாயை எடுப்போம். "மூத்திரக் குழாயையா மூக்குல விடுறீங்க?" என்று கேட்காத குடும்பம் குறைவு. புதிய குழாய்தான் ஐயா! அதன் நுனி பலூன் பின்வாசலை அடைக்கும். இவர்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், ஆக்சிஜன் அளவு குறையக்கூடும் என்பதால் வார்டில் வைத்துக் கவனிப்போம். இதற்கும் நிற்காவிட்டால், நாள்கணக்கில் அடைத்து வைப்பதைவிட எண்டோஸ்கோப் வழியாக, ரத்தம் வரும் அந்தத் தமனிக்கே கிளிப் போடுவது மேல் என்பது என் கருத்து.

பேக்கோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் எடுத்துவிடுவோம். வாய் வறளும், கண்ணில் நீர் வழியும், நெற்றி கனக்கும். இவை எதிர்பார்த்தவைதான். பேக்கில் இருந்து வந்து கன்னத்தில் ஒட்டியிருக்கும் நூலை இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். காய்ச்சல், வாந்தி, தோலில் சிவப்புத் தடிப்பு, மயக்கம் வந்தாலோ, தொண்டையில் ரத்தம் இறங்கினாலோ குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், வந்துவிடுங்கள்.